மூணாவது ரெக்கார்டு

ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, அந்தத் தூக்குப்போசியைச் சித்த அக்கட்டால வெச்சுக்கறீங்களா? பஸ் குலுங்கறப்ப இந்தப் பையில வந்து முட்டுதுங்க. இல்லைங்க, கண்ணாடி இல்லை. சாமி படமும் இல்லை. ரெக்கார்டுங்க. பாட்டு ரெக்கார்டு. முந்தியெல்லாம் கல்யாண ஊட்டுல மைக்செட்டுக்காரன் போடுவானே, கறுப்பா, வட்டமா, அதேதான். மேல ஏதாச்சும் அமுங்குனா வளைஞ்சு போயிரும். வளைஞ்சா ஊசி ஓடாது. அப்பறம் செவுத்துல மாட்டறதுக்குத்தான் ஆகும்.

கோயமுத்தூர் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு. நானும் உக்கடந்தான். பேசிட்டே போயிரலாம்.

இதை வாங்கறதுக்குத்தானுங்க உடுமலைக்கு வந்தேன். வாங்கறதுன்னா வெலைக்கு இல்லை. இது என்ற ரெக்கார்டு. என்ற சம்சாரத்துகிட்ட இருந்து திருப்பி வாங்கறதுக்கு. சிரிக்காதீங்க. கட்டுன பொண்டாட்டிகிட்ட இருந்து சொந்தச் சாமானை வாங்கறதுக்கு ஒருத்தன் வேலையை விட்டுப்போட்டு பஸ் ஏறி வந்திருக்கறான்னா, அவன் என்ன பாடு பட்டிருப்பான்னு நெனச்சுப் பாருங்க.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. கணபதியில லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கறது. சொந்தப் பட்டறை போடறதுக்கு முன்ன ஒரு மில்லுல ஃபிட்டரா இருந்தனுங்க. அங்க மிஷின் மாட்டறதுக்கு ஜெர்மனிக்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. ஊல்ரிஷ்னு பேரு. நல்ல மனுசன். எங்ககூட உக்காந்து கம்பஞ்சோறு திம்பாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, ஸ்பேனரைக் காட்டிப் பேசிக்குவோம். ஊருக்குப் போறப்ப ஒரு கேசட்டை என்ற கையில குடுத்துட்டுப் போனாரு. வாசர்டூர்ம்னு ஒரு பேண்டு. தண்ணி டேங்குன்னு அர்த்தமாமுங்க. நாலு பேரு ஒரு பழைய தண்ணி டேங்குக்குள்ளாற உக்காந்து வாசிச்சுப் பழகுனாங்களாம், அதனால அந்தப் பேரு.

பாட்டு எப்படி இருக்கும்னா, எப்படிச் சொல்றது. டிரம்ஸ்காரன் ஒரே அடியைத்தான் அடிப்பான். மாத்த மாட்டான். மாத்தறாப்பல வருவான், மாத்த மாட்டான். கிதார் பின்னாலயே இழுத்துட்டு வரும். பாடறவன் எப்பவாச்சும் நெனப்பு வந்தா ஒரு வார்த்தை சொல்லுவான். மொதல் தடவை கேட்டப்ப டேப்பு சிக்கிருச்சுன்னு நெனச்சு வெளிய எடுத்துப் பாத்தனுங்க. அப்பறம் கேக்கக் கேக்க, வேற எந்தப் பாட்டும் காதுல ஏறலை. உலகத்துல பெரிய பெரிய பேண்டுக்காரனெல்லாம் இவங்களைக் கேட்டுத்தான் தொழில் கத்துக்கிட்டானாம். பட்டறையில லேத் ஓட ஓட அந்தக் கேசட்டும் ஓடும். தேஞ்சு, அறுந்து, ஒட்டுப் போட்டு, கடைசில பெருச்சாளி கடிச்சுப் போச்சு. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். பட்டறையைப் பெருசாக்கணும், பொண்ணைப் படிக்க வெக்கணும், கல்யாணம் பண்ணணும். பாட்டா பெருசு அப்ப?

இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைச்சுது. பொண்ணு சிட்னியில இருக்கறா. நாங்களும் கணபதியை விட்டு வடவள்ளிப் பக்கம் ஊடு கட்டிட்டு வந்துட்டோம். மாடியில எனக்குன்னு ஒரு ரூம். ரெக்கார்டுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது, அதனால ஏசி போட்டு, எப்பவும் கதவைச் சாத்தியே வெச்சிருப்பேன். பொழுதோட பட்டறையில இருந்து வந்தா, சோத்தைத் தின்னுட்டு, மேல போயி ஹெட்போனை மாட்டுனேன்னா தூங்கற வரைக்கும் அங்கதான். ஊட்டுல ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. வேற ஊட்டுல புருசன் குடிச்சுப்போட்டு வந்து ரகளை பண்றான். என்னால வசந்தாமணிக்கு ஒரு தொந்தரவும் கெடையாதுங்க. வசந்தாமணிங்கறது என்ற சம்சாரம்.

அப்படி இருக்கறப்பத்தான் அந்தப் பெட்டி வந்துச்சு. வாசர்டூர்ம் போட்ட ஏழு ரெக்கார்டையும் ஒரே பெட்டியில வெச்சு, படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு சேத்து, ஜெர்மனியில கொஞ்சமே கொஞ்சம் போட்டாங்க. ரெக்கார்டு சேக்கறவங்க நாங்க ஒரு வாட்ஸப் குரூப் வெச்சிருக்கறோம். அதுல பெங்களூர்க்காரர் பெலிக்ஸ்னு ஒருத்தர், அவருதான் சொல்லி வெச்சு வர வெச்சுக் குடுத்தாரு. குடுக்கறப்பவே சொன்னாரு: "சிகாமணி சார், மேல சுத்தியிருக்கற கவரைப் பிரிச்சுராதீங்க. பிரிச்சா அது சாதாரணப் பாட்டுப் பெட்டி. பிரிக்காத வரைக்கும் உங்களாட்ட ஆளு இந்தியாவுலயே இல்லை."

நான் பிரிக்கலை. கண்ணாடி அலமாரி பண்ணி, உள்ள லைட்டுப் போட்டு வெச்சேன். கவர் கசங்காம, அந்த மினுமினுப்போட. ஒறம்பரை வந்தா மாடிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவேன்.

பெட்டி வந்த அன்னிக்கே வசந்தாமணி கேட்டா. "ஏனுங்க, போடுங்களேன், கேக்கலாம்."

"இது கேக்கறதுக்கு இல்லை"ன்னேன்.

"பாட்டுதானுங்க? கேக்கறதுக்கு இல்லைன்னா எதுக்கு?"

இதுக்கு என்னங்க பதில் சொல்றது? பீரோவுல இருக்கற நகையை நீ தெனமுமா போட்டுக்கறன்னு கேட்டேன். அவ ஒண்ணும் பேசலை. பேசலைன்னா புரிஞ்சுதுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

அப்பறம் பாருங்க, ஒரு நாள் கணபதியில கரண்ட் கட். லைனு மாத்தறாங்க, பொழுது முச்சூடும் வராதுன்னுட்டாங்க. ஆளுகளை அனுப்பிப்போட்டு மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டேன். வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே கேக்குது. வாசர்டூர்ம். ஹெட்போன்ல இல்லை, ஸ்பீக்கர்ல. ஊடே அதிருது.  ரெண்டு ரெண்டு படியா ஏறி ஓடுனேன்.

ரூம் கதவு தொறந்து கெடக்குது. ஏசி போடலை. சன்னல் ரெண்டும் தொறந்திருக்குது, ஃபேன் சுத்துது, ரோட்டுப் புழுதி அத்தனையும் உள்ள. கீழ பாயை விரிச்சுப் போட்டு உக்காந்து மொச்சை உரிச்சுட்டு இருக்கறா. அந்த டிரம்ஸ் அடிக்குத் தகுந்தாப்பல கை போகுது. என்னைப் பாத்துப் பதறுனாளா? இல்லை. "வந்துட்டீங்களா? இந்தப் பக்கம் முடியப் போகுது, இருங்க"ன்னு சொல்றா.

அலமாரியைப் பாத்தேன். பெட்டி அப்படியேதான் இருக்குது, கவர் மின்னுது. எடுத்துத் திருப்புனா அடியில கத்திரிக்கோல்ல நறுக்கி, துணி தைக்கறவ கணக்கா நேரா ஒரு வெட்டு. முன்னால இருந்து பாத்தாத் தெரியாது. நானும் அத்தனை நாளு முன்னால இருந்துதான் பாத்திருக்கறேன்.

"எப்பப் பிரிச்ச?"ன்னு கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னாலயே பிரிச்சுட்டனுங்க. நீங்க பட்டறைக்குப் போனப்பறம் தெனமும் ஒண்ணு போட்டுக் கேப்பேன். ஏழும் கேட்டாச்சு. மூணாவதுதான் நல்லா இருக்குது."

ரெக்கார்டைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றா பாருங்க. கோவத்தை அடக்கிக்கிட்டுத்தான் கேட்டேன். "மூணாவதுல அப்படி என்னத்தைக் கண்ட?"

"கணபதியில நம்ம ஊடு மேல, பட்டறை கீழ இருந்துச்சுங்களே. நீங்க லேத் ஓட்டுனா மேல தரையே இப்படித்தான் அதிரும். அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் நீங்க கீழ இருக்கறீங்கன்னு தைரியமா இருப்பேன். நின்னுதுன்னா, மேல வரப் போறீங்கன்னு சோத்து வட்டலை எடுத்து வெப்பேன். இதுவும் அதே சத்தமுங்க. வடவள்ளிக்கு வந்ததுக்கப்பறம் எனக்கு அந்தச் சத்தமே இல்லாமப் போச்சு."

அந்தப் பேண்டைப் பத்தி அவனவன் புஸ்தகம் எழுதறான். இவ பட்டறைச் சத்தம்ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? இதோட விட்டாளா? "கடைசில மிஷின் நிறுத்துனாப்பல எல்லாம் நின்னு போகுது. அப்பறம் யாரோ மாடிப்படி ஏறி வர்றாப்பல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். அது ஊட்டுக்குள்ளாறயே கேக்கறாப்பல இருக்குது. உக்காருங்க, இன்னொருக்காப் போடறேன். பிரிச்சதுதான் பிரிச்சாச்சு, ரெண்டு பேரும் கேக்கலாம்"னு பக்கத்துல பாயைத் தட்டிக் காட்டறா.

அப்படி ஒரு சத்தம் இருக்கறதா நான் கேள்விப்பட்டதே இல்லைங்க. கேசட்டுல அந்த எடம் வரலை. இருக்காது. இவளா கற்பனை பண்ணிக்கிட்டா.

அப்பத்தான் வாயை விட்டுட்டேன். "மொச்சை உரிக்கறவளுக்கு ஜெர்மன் பாட்டு ஒரு கேடா"ன்னு கேட்டேன். "உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி"ன்னேன். இன்னும் ரெண்டு மூணு சொன்னேன். கோவத்துல சொல்றதுதானுங்களே, யாரு ஊட்டுல இல்லை? அவ எந்திரிச்சு ரெக்கார்டை உறையில போட்டு வெச்சுட்டு, மொச்சையை முறத்துல அள்ளிட்டுக் கீழ போயிட்டா. அன்னிக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பும் வெச்சா. நானும் தின்னேன். சரி, முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

மறு வாரம் ஆசாரியைக் கூட்டிட்டு வந்து ரூமுக்குப் பூட்டுப் போட்டேன். வசந்தாமணிதான் ஆசாரிக்கு டீ வெச்சுக் குடுத்தா. அவரு போனப்பறம், "பூட்டு எனக்குங்களா?"ன்னு கேட்டா.

"தூசிக்கு"ன்னேன்.

பொய் இல்லைங்க. தூசியும் ஒரு காரணந்தான்.

அப்பறம் ஒரு நாள், உடுமலையில தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன்னா. பூங்கொடின்னு, அவளுக்கு ஒரே தங்கச்சி. பூங்கொடி ஊட்டுக்காரரு கொழந்தைவேலு தென்னந்தோப்பு வெச்சிருக்கறாரு. சரி, போயிட்டு வான்னேன். எப்ப வருவன்னு கேக்கலை. கேட்டா, போகாதேன்னு புடிச்சு வெக்கறாப்பல ஆயிரும் பாருங்க. அந்தச் சுதந்திரத்தை எல்லாம் நான் குடுத்துத்தான் வெச்சிருக்கறேன். போனவ போனவதான். ஒரு வாரம் ஆச்சு, இன்னொரு வாரம் ஆச்சு. நான் ரோட்டு முக்குல இருக்கற மெஸ்ஸுல தின்னுட்டுக் கெடந்தேன். குழம்பு ஊத்தறான், அதுல ருசிங்கறதே இல்லை. ராத்திரி ஹெட்போனைக் கழட்டுனா, ஊட்டுல ஃபிரிட்ஜ் ஓடறது மட்டுந்தான் கேக்கும். அவ இருக்கறப்பவும் அவ்வளவுதான் கேட்டிருக்கும்னு வெச்சுக்குங்க. இருந்தாலும் அது வேற மாதிரி இருந்துச்சு.

பெலிக்ஸ்கிட்ட பெட்டி பிரிஞ்ச விசயத்தைச் சொன்னேன். அவருக்கும் வருத்தந்தான். "சரி சார், உள்ள எல்லாம் பத்திரமா இருக்குதான்னு ஒவ்வொண்ணா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னாரு. எடுத்துட்டே வர்றேன், ஒண்ணு, ரெண்டு, மூணாவது உறையைத் தூக்குனா காத்தாட்ட வருது. உள்ள ஒண்ணும் இல்லை. பூட்டுக்கு ரெண்டாவது சாவியை நான் சாமி ரூம்ல மாட்டி வெச்சிருந்தனுங்க. அவ எடுத்துத் தொறந்து, ரெக்கார்டை எடுத்துட்டு, மறுபடியும் பூட்டி, சாவியை அதே ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கறா.

போனைப் போட்டேன். "மூணாவது ரெக்கார்டு எங்க?"

"எங்கிட்டத்தானுங்க இருக்குது."

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"வந்து வாங்கிக்குங்க."

"கொழந்தைவேலுகிட்டச் சொல்லி பஸ்ஸுல குடுத்தனுப்பு."

"ஒடைஞ்சு போயிருமுங்க. நீங்களே வந்துருங்க."

இதுல எனக்குப் புடிபடாத விசயம் ஒண்ணு இருக்குதுங்க. பூங்கொடி ஊட்டுல ரெக்கார்டு பிளேயரே இல்லை. டிவி இருக்குது, தேங்காய் உரிக்கற மிஷின் இருக்குது, பிளேயர் இல்லை. அது இவளுக்கும் தெரியும். கேக்க முடியாத ஊட்டுக்கு ஒருத்தி ரெக்கார்டை எதுக்குங்க தூக்கிட்டுப் போகணும்? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். என்னை அலைய வெக்கணும், அவ்வளவுதான். வேற என்ன இருக்கும்?

உடனே வர முடியலை. ஆர்டர் முடிக்க வேண்டியிருந்துச்சு. வர்றேன் வர்றேன்னு தள்ளிப் போயி, இன்னிக்குத்தான் வந்தேன்.

வாசல்லயே நின்னுட்டு இருந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா, எங்க பொண்ணு எடுத்துக் குடுத்தது, விசேசத்துக்குத்தான் கட்டுவா. இன்னிக்கு அந்தப் பக்கம் ஏதாச்சும் விசேசமான்னு தெரியலை. "வாங்க"ன்னா. இளைச்சுட்டீங்கன்னா. மெஸ்ஸுச் சோறுன்னேன். அரிசிம்பருப்பு சோறு ஆக்கி வெச்சிருந்தா, கூட எண்ணெய்க் கத்திரிக்காய். அதைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, வயிறு நெறையத் தின்னேன். எனக்கு எதுத்தாப்பல உக்காந்து, "பட்டறை எப்படி இருக்குது? பிரஷர் மாத்திரை எடுக்கறீங்களா?"ன்னு ஒண்ணொண்ணாக் கேட்டுட்டே இருந்தா. நானும் சொன்னேன். ஆனா மனசு ரெக்கார்டுலயே இருக்குது. கை கழுவுன ஒடனே, "எங்க அது?"ன்னேன்.

உள்ள போயிக் கொண்டு வந்தா. பருத்திச் சேலையை நாலா மடிச்சு அதுக்குள்ளாற வெச்சிருந்தா. பத்திரமாத்தான் வெச்சிருந்தா, அதையும் சொல்லிப் போடணும். சன்னல்கிட்டக் கொண்டு போயி வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். கீறல் இல்லை, கைரேகை கூட இல்லை. அவ்வளவு நேரமும் அவ பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. ஏதோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சு. கீறல் இருக்கற எடத்தைத்தான் சொல்லப் போறாளோன்னு நிமுந்து பாத்தேன். வெறுஞ்சேலையை மடிச்சுட்டு இருந்தா.

பூங்கொடி சமையக்கட்டுக் கதவு நெலையில சாஞ்சு நின்னுட்டு, "மாமா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுங்களா?"ன்னு கேக்கறா. எப்பவுமே அவளுக்கு வாய் கொஞ்சம் எச்சு. "இதுக்குத்தான்"னு ரெக்கார்டைத் தூக்கிக் காட்டுனேன். சொய்ங்குன்னு உள்ள போயிட்டா.

கொழந்தைவேலு நல்ல மாதிரி. "ஏனுங்ணா, இருந்து பொழுதோட போலாமுங்க, நானே கார்ல கொண்டாந்து விட்டர்றேன்"னாரு. கார் வெய்யல்ல நின்னுட்டு இருந்துச்சு. அந்தச் சூட்டுல வெச்சா ரெக்கார்டு அப்பளம் ஆயிரும்னு சொல்லி, பஸ்ஸே போதும்னுட்டேன்.

கெளம்பறப்பப் பாத்தேன், கதவோரத்துல அவ பை இருக்குது. வடவள்ளியில இருந்து கொண்டு வந்த அதே பை, ஜிப்பு போட்டு, மேல தண்ணி பாட்டில் வெச்சிருக்குது. அவளும் செருப்பைப் போட்டுட்டுத்தான் நின்னா. எங்கயோ கெளம்பறா போலன்னு நெனச்சேன். எங்க போறன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. கேட்டா அவ ஏதாச்சும் சொல்லுவா, பழைய பேச்செல்லாம் வரும், பூட்டுல ஆரம்பிச்சு எங்கயோ போகும். பஸ்ஸு போயிரும். அதான் கேக்கலை.

"அப்பக் கெளம்பட்டுமா?"ன்னேன்.

"அவ்வளவுதானுங்களா?"ன்னு கேட்டா.

"அவ்வளவுதான். ஏழுல இது ஒண்ணுதான் கொறைஞ்சுது. மத்ததெல்லாம் அங்கயே இருக்குது"ன்னேன்.

சரிங்க, பாத்துப் போங்கன்னா. சண்டை போடலைங்க. அழுகலை, ஒண்ணும் பண்ணலை. நான் வழியெல்லாம் சண்டைக்குத் தயாரா வந்தவன், என்ன கேட்டா என்ன சொல்றதுன்னு அடுக்கி வெச்சிருந்தேன். ஒண்ணுக்கும் வேலை இல்லாமப் போச்சு. அதுதான் எனக்கு இப்ப என்னமோ பண்ணுது. ரோட்டு முக்குல திரும்பறப்பப் பாத்தேன். வாசல்லதான் நின்னுட்டு இருந்தா, பை கையில இருந்துச்சு.

நீங்க எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க?

இல்லைங்க, அவ சொல்லலை. கூட வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொன்னாத்தானுங்களே தெரியும்? வாய் இருக்குதில்ல? பூட்டைப் பத்திக் கேக்கத் தெரிஞ்சுது, ரெக்கார்டு நல்லா இருக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சுது, இதைச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருக்கப் போறேன்? அது அவ ஊடு. வர்றதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நானுந்தான் எதுக்குக் கூப்படணும்? கூப்பட்டாத்தான் வர்றதுக்கு அவ என்ன ஒறம்பரையா?

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க. சொல்லுங்க, பரவால்லை.

அதுக்காகத்தான் ரெக்கார்டை எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்றீங்களே, என்ன அர்த்தமுங்க? நான் வரணும்னா? வா ஒருக்கான்னு போன்ல சொன்னா வந்திருக்க மாட்டனா?

வந்திருக்க மாட்டேன்னு வெச்சுக்குங்க. ஆர்டர் இருந்துச்சு.

கெணத்துக்கடவு வந்துருச்சுங்களா? இருங்க. ஏனுங்க கண்டக்டர், இங்கிருந்து திரும்பி உடுமலைக்கு பஸ் இருக்குதுங்களா? இப்பவேவா? எதுத்தாப்பல நிக்கறதேவா?

இல்லைங்க, எறங்கலை. சும்மா கேட்டு வெச்சேன். நீங்க போலாம், விசில் அடிங்க.

நீங்க உக்காருங்க, எனக்கு வழி விட வேண்டாம். இதை மடியில வெச்சுட்டு எப்படிங்க போறது? அந்த பஸ்ஸப் பாத்தீங்களா, படியில தொங்கிட்டுப் போறாங்க. ஒரு நெருக்கு நெருக்குனா முடிஞ்சுது. மொதல்ல இதைக் கொண்டு போயி அது எடத்துல வெச்சிரலாம். அப்பறம் நாளைக்கோ நாளான்னைக்கோ, வெறுங்கையோட வந்தா ஆச்சு.